பாலத்தடிப் பலகையில் அத்தை

பதுளைக்கு வருகிறவர்கள் பார்த்தே ஆக வேண்டியவை என்று அந்தப் பலகையில் ஐந்து படங்கள் போட்டிருந்தார்கள். துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, முத்தியங்கனை விகாரை, போகொட மரப்பாலம், வெள்ளைக்காரர் காலத்துக் கல் தேவாலயம் ஆகிய நான்கும் நான்கு மூலைகளில் சின்னச் சின்ன வட்டங்களுக்குள் இருந்தன. நடுவில், ஒரு கூரை உயரத்துக்கு, என் அத்தை நின்றாள்.

இதைக் கேட்டால் இப்போதும் சிலர், "அட, பெரிய அதிர்ஷ்டம்தான்" என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சே எழுவதில்லை. எல்ல என்கிற ஊர்ப் பக்கம் போகும்போது, தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்களைக் கேட்காமலே வேனை நிறுத்திக் கமராவை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஒருமுறை பஸ்ஸிலிருந்து இறங்கிப்போய் ஒரு மனிதரோடு சண்டை பிடித்திருக்கிறேன். நான் பேசிய இங்கிலீஷ் அவருக்கு விளங்கவில்லை. சிரித்துத் தலையாட்டிவிட்டு என்னையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்கள் தோட்டம் ஹாலிஎலைக்கு மேலே இருந்தது. மாமா லொறி புரண்டு செத்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்கவில்லை என்று அம்மா சொல்வாள். அதற்குப் பிறகு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டிலேயே வந்து இருந்துகொண்டாள். தாலியோடு பூவும் பொட்டும் போயிற்று. யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. அப்பா தங்கைமேல் உயிரையே வைத்திருந்தார். தீபாவளிக்குத் தனக்கு வேட்டி வாங்காவிட்டாலும் அவளுக்குச் சேலை வந்துவிடும். ஆனால் அது சாம்பல் நிறமாகவோ, வெளிறிய நீலமாகவோதான் இருக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அத்தையின் நெற்றியில் திருநீற்றைத் தவிர ஒன்றும் கிடையாது. மூக்கும் காதும் போல அதையும் அவள் முகவாகு என்றே நான் நினைத்திருந்தேன்.

எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூட விடுமுறை. அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்க நான் மலைக்குப் போயிருந்தேன். தேயிலைக் காட்டைத்தான் நாங்கள் மலை என்போம். கீழே ரோட்டில் ஒரு வேன் வந்து நின்றது. கமராவோடு ஒரு ஆளும், கையில் பெரிய பையோடு ஒரு பெண்ணும் ஏறி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் கணக்கப்பிள்ளை வழிகாட்டிக்கொண்டு வந்தார். மற்ற நாட்களில் எங்கள் பெண்கள் கொஞ்சம் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தாலே கத்துகிற மனிதர், அன்றைக்குப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எனக்கு அப்போதே எரிச்சல் வந்துவிட்டது.

வந்த ஆளுக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை. பெண்கள் சேலைக்கு மேலே பழைய சட்டை போட்டிருந்தார்கள். மழைக்கும் அட்டைக்கும் இடுப்பில் தடித்த படங்குத் துணி கட்டியிருந்தார்கள். கொழுந்து போட உரச் சாக்கில் தைத்த பை. இப்படித்தான் எல்லாத் தோட்டத்திலும் வேலை நடக்கும், ஆனால் இப்படி நடப்பது அவருக்குப் படத்துக்கு ஒத்துவரவில்லை. மாடு வாங்க வந்தவர் போல வரிசையைப் பார்த்துக்கொண்டே போய், அத்தைக்கு முன்னால் நின்றார். அத்தை அழகி. இதை நான் மருமகள் என்பதற்காகச் சொல்லவில்லை.

அந்தப் பெண் பையைத் திறந்து சிவப்புச் சேலை ஒன்றை எடுத்தாள். துணிப் பூச்சரம் எடுத்தாள். வேனிலிருந்து புத்தம் புதுப் பிரம்புக் கூடை ஒன்று வந்தது. நான்கு பெண்கள் படங்கைக் கழற்றி மறைப்புப் பிடிக்க, அத்தை அதற்குள் நின்று உடுத்திக்கொண்டாள். மறைப்பை எடுத்ததும் எங்கள் பெண்கள் எல்லாரும் ஒருவிதமாகப் பார்த்தார்கள். அந்தப் பெண் ஒட்டுப்பொட்டு அட்டையிலிருந்து பெரியதாக ஒன்றை உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். யாரோ ஒருத்தி, "அவளுக்கு வேணாம்மா" என்றாள். தமிழில் சொன்னது அவளுக்கு விளங்கவில்லை. அத்தைக்கு விளங்கியது. ஆனாலும் அத்தை விலகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முகத்தை லேசாக மேலே தூக்கிக் காட்டினாள்.

பிறகு நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். கூடையைத் தலையில் கயிறு மாட்டி முதுகில் போடாமல், கடைக்குப் போகிற பை மாதிரித் தோளில் தொங்கவிட்டார்கள். காலையிலேயே கொழுந்து எடுத்து முடித்த மொட்டைச் செடிக்கு முன்னால் நிறுத்தினார்கள். எடுக்கக் கொழுந்து இல்லாததால் அம்மாவின் பையிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து அவள் விரலில் பிடிக்கக் கொடுத்தார்கள். எனக்கே தெரிகிற பிழை அத்தனை பேருக்கும் தெரிந்தது, ஆனால் கேட்பாரில்லை. அத்தை சிரித்தாள். அந்த ஆள் சிரிக்கச் சொல்லிச் சைகை காட்டுவதற்கு முன்பே சிரித்துவிட்டாள். அவள் அப்படிப் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சேலையையும் பூவையும் கூடையையும் திருப்பி வாங்கிக்கொண்டு, அத்தைக்கு ஒரு பிஸ்கட் பக்கட் கொடுத்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். மாலையில் பீலித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டுத்தான் அத்தை வீட்டுக்குள் வந்தாள். பிஸ்கட்டை நான் தின்றேன்.

சில மாதங்களில் எல்லாரும் அதை மறந்துவிட்டோம். அப்போதுதான் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போன பக்கத்து வீட்டுக்காரர், பஸ்ஸை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக எங்கள் வாசலுக்கு வந்து செய்தி சொன்னார். டவுனுக்குள் நுழைகிற இடத்தில், ஆற்றுப் பாலத்தடியில், பெரிய பலகை. அதில் உன் தங்கச்சி. சிவப்புச் சேலை, பூ, பொட்டு. அவர் பொட்டு என்ற சொல்லை மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் லயம் முழுக்கக் கேட்டது.

எனக்கு நிலைகொள்ளவில்லை. எங்கள் தோட்டத்திலிருந்து பேப்பரில்கூட ஒருவர் படம் வந்ததில்லை. விகாரைக்கும் நீர்வீழ்ச்சிக்கும் நடுவில் என் அத்தை நிற்கிறாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். அப்பாவோ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கோயில் கமிட்டியில் இருக்கிறவர். திருவிழாக் கூட்டத்தில் யாரோ அவர் காதுபடச் சிரித்திருக்கிறார்கள்.

"புருசன் செத்த பொம்பளைய பூவும் பொட்டுமா நடு ரோட்டுல நிக்க வச்சிருக்கானுங்க. கழட்ட வைக்காம விட மாட்டேன்" என்றார் அப்பா.

அத்தையிடம் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், வைக்கும்போது வேண்டாம் என்று சொல்லக்கூடாதா என்று. அவர்கள்தான் வைத்தார்கள் என்று அத்தை சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேட்காமல் படம் போட்டதற்குத்தான் அப்பாவுக்குக் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கும் அதுதான் கோபம்.

அம்மாவின் கவலை வேறு. ஊர்ப்பட்ட பஸ்ஸும் வேனும் அந்த வழியாகப் போகின்றன. அத்தனை கண்ணும் ஒரு முகத்தில் பட்டால் என்ன ஆகும்? அந்த மாதம் அத்தைக்கு இரண்டு தடவை காய்ச்சல் வந்ததற்குக் காரணம் இப்போது அம்மாவுக்கு விளங்கிவிட்டது. வீட்டில் வைத்து அத்தைக்குச் சுற்றிப் போட்டால் போதாது, கண் பட்டது பலகையில், ஆகவே பலகைக்குத்தான் சுற்ற வேண்டும் என்று தீர்மானித்தாள். காய்ந்த மிளகாயையும் உப்பையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். ஆக, அந்தச் சனிக்கிழமை பலகையைக் கழற்ற அப்பாவும், அதற்குத் திருஷ்டி கழிக்க அம்மாவும், சாட்சிக்கு அத்தையும், பெருமைக்கு நானுமாக ஹாலிஎலையில் பஸ் ஏறினோம்.

பதுளை எங்களுக்குப் புது ஊர் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் துணிக்கடைக்கும் போய்த்தான் இருக்கிறோம். ஆனால் பார்ப்பதற்கென்று ஒரு இடத்துக்கும் போனதில்லை. துன்ஹிந்தவுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அப்பாவுக்கே தெரியாது. பலகையில் நிற்கிற அத்தை, தன்னைச் சுற்றி இருந்த நான்கு இடங்களில் ஒன்றைக்கூடக் கண்டதில்லை. இவ்வளவு தூரம் போகிறோமே, முடிந்ததும் நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான் வழி முழுக்க நச்சரித்தேன்.

பாலத்தடியில் இறங்கியதும் எதிரே பலகை நின்றது. அவ்வளவு பெரியது. அத்தையின் ஒரு பல் என் உள்ளங்கை அளவு இருந்தது. சிங்களத்திலும் இங்கிலீஷிலும் எதையோ எழுதியிருந்தார்கள். அத்தைக்குப் படிக்கத் தெரிந்த ஒரே பாஷையில் ஒரு எழுத்துக்கூட இல்லை. நான் இதைச் சத்தமாகவே சொன்னேன். அப்பா என்னை வாயை மூடச் சொன்னார். அத்தை எங்களுக்குப் பின்னால், ஆற்றங்கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கியவள், அப்புறம் கண்ணை எடுக்கவே இல்லை.

பலகைக்குப் பக்கத்தில் உல்லாசப் பயணிகளுக்கு வழி சொல்லும் சின்னக் கூடம் ஒன்று இருந்தது. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போனார். உள்ளே ஒரு இளம் அதிகாரி. அப்பாவுக்குத் தெரிந்த சிங்களம் கடையில் சாமான் வாங்கப் போதும், நியாயம் கேட்கப் போதாது. பக்கத்தில் குளிர்பானக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், எங்கள் தத்தளிப்பைப் பார்த்துவிட்டு, தானாகவே வந்து இரண்டு பக்கத்துக்கும் சொல்லிக் கொடுத்தார். நல்ல மனிதர்.

அதிகாரி முதலில் நம்பவே இல்லை. பலகையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். சாயம் போன சேலை, வெறும் நெற்றி, பஸ்ஸில் கசங்கிய தலை. படத்தில் இருப்பது கொழும்பில் எடுத்த மொடலாக இருக்கும் என்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களத்தில், "மகே நெந்தா, மகே நெந்தா" என்று கத்தினேன். என் அத்தை என்று அர்த்தம். அவர் சிரித்துக்கொண்டே என் கன்னத்தைத் தட்டினார். அந்தத் தட்டல் இன்னும் என் கன்னத்தில் எரிகிறது.

இதற்கிடையில் அம்மா தன் வேலையைத் தொடங்கிவிட்டாள். திருஷ்டிக்குக் காலடி மண் வேண்டும். பலகைக்குக் காலடி எது? இரும்புத் தூண் இரண்டில் வலது பக்கத்துத் தூணடியில் சுரண்டி எடுத்தாள். சுற்றி வரப் பார்த்தால் பின்னால் பள்ளம், அதற்குக் கீழே ஆறு. ஆகவே முன்னால் நின்றபடியே கையை அகல வீசிச் சுற்றினாள். அப்போது ஒரு வேன் வந்து நின்று, வெள்ளைக்காரர்கள் இறங்கினார்கள். அத்தனை பெரிய பலகையை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாக் கமராவும் அம்மா பக்கம் திரும்பிவிட்டது. அம்மா மிளகாய்க் கையோடு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். நான் அவளுக்கு முன்னால் போய்க் கையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றேன். இந்த ஊரில் எங்களைப் பார்க்கத்தான் எல்லாருக்கும் தெரிகிறது, கேட்க ஒருவருக்கும் தெரியவில்லை என்று அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்பா விடவில்லை. தன் தங்கைதான் என்று மூன்றாம் தரமும் சொன்னார், கழற்றுங்கள் என்றார். அதிகாரி எழுந்து வெளியே வந்தார். கெட்டவர் இல்லை, சட்டப்படி பேசினார். படத்தில் இருக்கிற ஆளே வந்து, அது நான்தான், எனக்கு இது வேண்டாம் என்று சொன்னால் மேலே அறிவித்துவிட்டு அடுத்த கிழமையே இறக்கிவிடலாம், வேறு யார் சொன்னாலும் கைவைக்க முடியாது என்றார். நானா இதைத் தமிழில் சொன்னதும் அப்பாவின் முகம் தெளிந்தது. எனக்கும் தெளிந்தது. என் கணக்கு வேறு. அத்தை முன்னால் வந்து நான்தான் என்பாள். இந்த அதிகாரிக்கு முகம் சுருங்கிப்போகும். மன்னிப்புக் கேட்டு, கதிரை போட்டு உட்காரவைத்து, தங்கள் வேனிலேயே எங்களைத் துன்ஹிந்தவுக்குக் கொண்டுபோய்க் காட்டுவார்கள். கழற்றுகிற விஷயத்தை அப்புறம் அழுது கெடுத்துவிடலாம் என்று இருந்தேன்.

நானா அத்தையிடம் போனார்.

"தங்கச்சி, அந்தப் படத்தில இருக்கிறது நீங்கதானா எண்டு சேர் கேக்கிறார். பயப்பட வேணாம், உள்ளதச் சொல்லுங்க."

அத்தை அவரையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. பலகையையே பார்த்தாள்.

"இல்லீங்க. அது நானில்ல. வேற யாரோ."

அப்பா கையிலிருந்த துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். அதற்குள் கடைப்பக்கம் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அவ்வளவு பேருக்கு முன்னால், இல்லை, அந்தப் பூவும் பொட்டும் வைத்தவள் நீதான் என்று தங்கையோடு எப்படி வாதாடுவார்? அம்மா உப்பையும் மிளகாயையும் யாருக்கென்று போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் ஆற்றில் வீசினாள். அதிகாரி தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான்தான் அழுதேன். இவளுக்காக இவ்வளவு பேருக்கு முன்னால் கத்தியிருக்கிறேன், இவளே இல்லை என்கிறாளே! என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாளே! திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது? நீர்வீழ்ச்சியைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை. அப்பா விறுவிறுவென்று பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார், நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

பலகை இறங்கவில்லை. பிறகு எத்தனையோ மழைக்கு அங்கேயே நின்றது. சேலையின் சிவப்பு ரோஸாகி, ரோஸ் வெள்ளையாகி, அதற்குப் பிறகும் பொட்டு மட்டும் தெரிந்தது. தோட்டத்தில் பேச்சும் ஓய்ந்துபோனது. அது அவள் இல்லையாம், அவளே அதிகாரியிடம் சொல்லிவிட்டாளாம் என்று பக்கத்து வீட்டுக்காரரே நாலு பேருக்குச் சொன்னார். அப்பாவும் அதைப் பிடித்துக்கொண்டார். பதுளை ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போக வேண்டும் என்று லயத்தில் யார் கேட்டாலும் அத்தைதான் முதலில் புறப்படுவாள். அவளுடைய நல்ல மனசு என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஆனால் அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அவள்மேல் இருந்த கோபத்துக்கு அளவில்லை. அப்பாவும் அம்மாவும் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு அத்தைக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. அவள் ஜன்னலில் வந்த பையனிடம் கடலைப் பொட்டலம் வாங்கி என் கையில் திணித்தாள். பஸ் பாலத்தடிக்கு வந்தபோது கழுத்தை வளைத்து, பலகை மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஏன் அத்தே பொய் சொன்னீங்க? அது நீங்கதானே?" என்று கேட்டேன்.

அப்பா திரும்பிப் பார்க்கிறாரா என்று பார்த்துவிட்டு, குனிந்து என் காதுக்குள் சொன்னாள்.

"அந்தப் புள்ள அங்கயே சிரிச்சுக்கிட்டு இருந்துட்டுப் போகட்டும் பாப்பா."

எந்தப் பிள்ளை என்று எனக்கு விளங்கவில்லை. பலகையில் இருந்தது யாரோ ஒரு பிள்ளை இல்லை, என் அத்தை. அதை ஊரறிய ஒத்துக்கொள்ள இவளுக்கு என்ன வந்தது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடலைப் பொட்டலத்தை அவள் மடியிலேயே திருப்பி வைத்துவிட்டு, ஹாலிஎலை வரும்வரை அவளோடு பேசாமல் வந்தேன்.